மாடிப்படிக்கு முறை வைத்த கதை: தஞ்சாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நாய் என்றால் பயம். வரப்பு வழியாகப் பள்ளிக்கூடம் போன வயதில் ஒரு நாய் துரத்தியது. கடிக்கவில்லை, ஆனால் சேற்றில் விழுந்த புத்தகப்பை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே இது விலங்குப் பிரியர் ஒருவரின் வாதம் அல்ல. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தான் சங்கச் செயலாளராக இருந்தபோது குடியிருப்பில் மூண்ட ஒரு சண்டையையும் அது அடங்கிய விதத்தையும் புகார் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறான், அவ்வளவுதான். மனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நாய்களின் பெயர்கள் உண்மையானவை. அவை கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இடமும் ஆட்களும்

தஞ்சாவூரில் புது ஆற்றைத் தாண்டித் தெற்கே விரிந்துகொண்டே போகும் நகர்களில் ஒன்றில் இருக்கிறது எங்கள் கட்டடம். கல்லணைக் கால்வாய்தான் எங்கள் ஊருக்குப் புது ஆறு. கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று தளங்கள், தளத்துக்கு ஆறாக 18 வீடுகள். ஒரு லிஃப்ட், முன்புறம் ஒரு படிக்கட்டு. பின்புறம் இன்னொரு படிக்கட்டு உண்டு. அவசரத்துக்கு என்று கட்டி, உடைந்த நாற்காலிகளையும் கொலுப்படிகளையும் போட்டு அடைத்து வைத்திருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த இடத்தில் குறுவை அறுவடை நடந்தது. வடிகாலைக் குறுக்கி மனை போட்டதால் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வண்டி நிறுத்தத்துக்குள் வந்துவிடும்.

அன்றைக்கு இங்கே இருந்த விலங்குகள் இவை. இரண்டாம் தளத்தில் தனியாக வசிக்கும் ஓய்வு பெற்ற டீச்சரிடம் பொம்மி என்ற பொமரேனியன். 13 வயது, கண் மங்கல். முதல் தளத்தில் வாடகைக்கு இருந்த செவிலியர் தம்பதியிடம் மணி என்ற நாட்டு நாய். மதகடியில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்தார்கள். அதே தளத்தின் கடைசி வீட்டில் ஒரு பூனை. வாசல் கேட்டுக்கு வெளியே மூன்று தெருநாய்கள். அவற்றில் ஒன்று செவலை. மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டில் காதல் கிளிகளும் உண்டு. அவற்றைப் பற்றி இதுவரை யாரும் புகார் செய்ததில்லை.

திண்ணை போனதும் வந்த சிக்கல்

நிகழ்ச்சிக்குப் போவதற்கு முன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்து ஓட்டு வீட்டில் வாசல், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வரிசையாகக் கட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் எல்லையும் இருந்தது. நாய் வாசலோடு நிற்கும். மழை பெய்தால் திண்ணைக்கு அடியில் ஒதுங்கும். மாடு கொட்டிலில். பூனைக்கு மட்டும் பத்தாயம் வரை அனுமதி, ஏனென்றால் நெல்லைத் தின்னும் எலி அங்கேதான் இருந்தது. நாயை யாரும் ‘வளர்ப்பதாக’ச் சொல்லிக்கொண்டதில்லை. வடித்த கஞ்சியும் மீந்த சோறும் போட்டார்கள், அது இருந்தது. தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்திப் பைரவரைக் கும்பிடும் அதே பாட்டி, அவருக்குப் பின்னால் நிற்கும் வாகனம் ரேழியில் கால் வைத்தால் விறகுக் கட்டையை எடுப்பார். இரண்டும் ஒரே மனத்துக்குள் சண்டையில்லாமல் இருந்தன, காரணம் இடம் இருந்தது.

அடுக்குமாடியில் அந்த இடைப்பட்ட கட்டுகள் எல்லாம் போய்விட்டன. கதவைத் திறந்தால் நேராகக் கூடம்; கூடத்துக்கு வெளியே அடுத்த வீட்டுக்காரரின் செருப்பு. நாய் வாசலிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது, கட்டில் வரைக்கும் கூட வந்துவிட்டது. வெளியே போக அதற்கு இருக்கும் ஒரே வழி எல்லோரும் போகும் வழிதான். வாய்க்கால் ஒன்றே ஒன்று, வயல்கள் பதினெட்டு என்றால் என்ன நடக்கும் என்பது பாசனத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது உறைக்க ஒரு கடி தேவைப்பட்டது.

நடந்தது

2023 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. பகல் முழுக்க மழை. மூன்றாம் தளத்து ஏழு வயதுப் பையன் டியூஷனுக்குப் போக முன் படிக்கட்டில் இறங்கினான். மின்சாரம் தடுமாறிக்கொண்டிருந்ததால் லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தோம். ஒரு நிமிடத்தில் அலறல். கெண்டைக்காலில் இரண்டு பல் தடம், ரத்தம். அதே நேரத்தில் நனைந்த மணியைக் கயிற்றோடு பிடித்தபடி செவிலியர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். அப்புறம் சொல்ல வேண்டுமா? ‘மணி கடித்துவிட்டது’ என்ற செய்தி லிஃப்ட் இல்லாமலேயே மூன்று மாடியும் ஏறிவிட்டது.

காயத்தில் மஞ்சள்தூள் வைக்க ஒருவர் ஓடினார், சுண்ணாம்பு என்றார் இன்னொருவர். குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்ட அந்தச் செவிலியர்தான் கயிற்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பையனைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினார். வெறிநோய்க் கிருமி எச்சில் வழியாகக் காயத்தில் இறங்குகிறது. ஓடும் நீரும் சோப்பும் அதில் பெரும்பகுதியை அங்கேயே அழித்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் காயத்தை மூடிக் காரியத்தைக் கெடுக்கும். நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்பதால் தடுப்பூசியைத் தள்ளிப்போட முடியாது. அன்று இரவே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டார்கள். காயத்தில் ரத்தம் வந்திருந்ததால் கூடவே, கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். கடிபட்ட நாளைப் பூஜ்யம் என்று கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலில் போடும் முறை. எல்லாம் இலவசம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பையனுக்கு இரண்டாவது ஊசி, மாலையில் சங்கக் கூட்டம். தீர்மானம் மூன்று வரி: வாடகைக்கு வருவோர் பிராணி வைத்திருக்கக் கூடாது, இருக்கிற பிராணிகளை 30 நாளில் அப்புறப்படுத்த வேண்டும், அதுவரை லிஃப்டில் ஏற்றக் கூடாது. 12 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு, 2 பேர் வரவில்லை. ஆதரித்தவர்களில் நானும் உண்டு. திருவாரூரில் மாடு மணியை அடித்து நீதி கேட்டது என்பார்கள். எங்கள் கட்டடத்தில் மணியே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

ஏழாம் நாள் ஊசிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போனபோது, அதே மருத்துவமனைப் பணியில் இருந்த செவிலியர் அவனிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: “தம்பி, அந்த நாய் என்ன நிறம்?”

“செவலை அக்கா. நான்தான் வாலை மிதித்துவிட்டேன். இருட்டாக இருந்தது.”

ஏழு நாளாக ஊரே பேசியது. பையனிடம் யாரும் கேட்கவில்லை.

மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் செவலை படிக்கட்டுக்கு அடியில் வந்து படுத்திருக்கிறது. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. நான் புகார் நோட்டைப் புரட்டினேன். பதினேழு நாளுக்கு முந்தைய தேதியில், ‘கீழ்ப்படி விளக்கு எரியவில்லை, மாற்ற வேண்டும்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். செவலை பத்தாம் நாளும் கேட்டருகே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. (நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை.)

சட்டம் எங்கே வந்தது

தீர்மானத்தின் நகல் கிடைத்ததும் செவிலியரின் தம்பி, சட்டம் படிப்பவர், இரண்டு தாள்களோடு என்னைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே, “சார், நான் சண்டைக்கு வரவில்லை. இதைப் படித்துப் பாருங்கள்” என்றார்.

ஒன்று, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென வெளியிட்ட நெறிமுறை. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962இல் தொடங்கிய வாரியம் அது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, லிஃப்டைப் பயன்படுத்த விடாமல் தடுக்க முடியாது, அதற்கென்று தனிக் கட்டணம் வாங்க முடியாது என்று அதில் இருந்தது. இப்படித் தடை விதிக்கும் விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லியிருப்பதையும் குறித்து வைத்திருந்தார். இரண்டாவது தாள் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். ‘30 நாளில் அப்புறப்படுத்து’ என்று நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட அந்தக் குற்றத்தைச் செய்யச் சொல்லும் கட்டளை.

சட்டம் ஒரு பக்கம் மட்டும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்குத் தண்டனை வைத்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெற்றோம். பலருக்கு அதில் வருத்தம். சட்டத்தைக் காட்டி வாயை அடைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில் தெரிந்தது. தீர்மானம் ஒழிந்தது, புழுக்கம் அப்படியே இருந்தது.

நோட்டு சொன்னது

அப்போதுதான் உட்கார்ந்து அந்த ஓராண்டுப் புகார்களை வகை பிரித்தேன். பிராணி பற்றிய புகார்களில் கடி அந்த ஒன்றுதான். மற்றவை மூன்று இடத்தில் குவிந்திருந்தன. காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் லிஃப்டிலும் முன் படியிலும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது. பகலில் ஓயாத குரைப்பு. படிக்கட்டு மூலையில் மூத்திர நாற்றம்.

நாயின் மேல் வெறுப்பு என்று நான் நினைத்திருந்தது உள்ளே போய்ப் பார்த்தால் வேறாக இருந்தது. முதல் தளத்து ஹாஜியாரிடம் பேசினேன். “செயலாளரே, நாய்க்குத் தண்ணீர் வைப்பது எங்களுக்கும் நன்மையான காரியம்தான். தொழுகைக்குப் போகும்போது எச்சில் உடையில் பட்டால் மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது, அதுதான் சங்கடம்” என்றார். மூன்றாம் தளத்துப் பாட்டியிடம் போனால், மடியாக இருக்கும் நேரத்தில் லிஃப்டில் நாய் மேலே உரசுகிறது என்கிறார். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பழகியவர்கள் அல்லர். இருவர் கேட்டதும் ஒன்றே, ஒரு முழ இடைவெளி.

மேட்டூர் திறந்தாலும் எல்லா மதகையும் ஒரே நாளில் திறக்க முடியாது. தண்ணீர் குறைந்த காலத்தில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைப்போம். முறை தவறினால் மண்வெட்டிச் சண்டை. முறை இருந்தால் இராத்திரி இரண்டு மணிக்குக்கூட அவரவர் மடையை அவரவர் வந்து திறந்துகொள்வார்கள். அந்த வேலையை முப்பது ஆண்டு செய்துவிட்டு, என் வீட்டுப் படிக்கட்டில் எல்லோரையும் ஒரே மடையில் விட்டிருந்தேன். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைக்காரர் யார் என்பதும் தெரிந்த கதைதான்: சங்கத்தில் ஓட்டு இல்லாத வாடகைக்காரர்.

செய்தவை

பின் படிக்கட்டைக் காலி செய்தோம். கொலுப்படிகள் மாடிக்குப் போயின, உடைந்த நாற்காலிகள் காயலான் கடைக்கு. காலை ஆறு முதல் எட்டு வரை நாய்கள் பின் படியில் இறங்கி ஏறும். இது தடை அல்ல, முறை. கண் தெரியாத பொம்மிக்குப் படி ஏற முடியாது. அது எந்த நேரமும் லிஃப்டில் போகும், டீச்சர் கையில் தூக்கிக்கொள்வார். உள்ளே வேறு யாராவது இருந்தால் கேட்டுவிட்டு ஏறுவது, இல்லையென்றால் அடுத்த நடைக்கு நிற்பது. முன் படிக்கு நான்கு விளக்கு போட்டோம். செலவில் மிகக் குறைந்ததும், பலனில் மிகப் பெரியதும் அந்த விளக்குகள்தான்.

கட்டடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டி ஆறடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் ஓடு, செங்கல் உடைசலோடு கிடந்தது. அதைக் கொல்லையாக்கினோம். மணல் போடலாம் என்றார் ஒருவர். இன்றைய மணல் விலையில் நாய்க்கு மணல் படுக்கை என்றால் ஊர் சிரிக்கும். அரிசி ஆலையிலிருந்து உமியும் உமிச்சாம்பலும் கொண்டுவந்து செம்மண்ணோடு கலந்து பரப்பினோம். சாம்பல் ஈரத்தையும் நாற்றத்தையும் இழுத்துக்கொள்கிறது. மலத்தை வளர்ப்பவரே அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். இதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். நாயின் குடலில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நுழையும். எங்கள் பிள்ளைகள் செருப்புப் போட்டு விளையாடுபவர்கள் அல்லர். குடற்புழு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி இவற்றின் அட்டை நகல் சங்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். மழைக்காலத்தில் வயலிலும் தெருவிலும் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்குவதால், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் நாய்க்குப் போடச் சொல்லி மருத்துவர் எழுதினார். பொம்மிக்குக் கண் பார்க்க டீச்சர் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போய்வந்தார். அங்கிருந்து வந்தபின்தான் வழவழப்பான டைல்ஸ் தரை கிழநாய்க்குக் காலை வாரிவிடும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. இப்போது அவர் கூடம் முழுக்கச் சணல் சாக்கு விரித்திருக்கிறது. பார்க்க நெல் மண்டி மாதிரி இருக்கிறது. அவருக்கு அதில் கவலை இல்லை.

குரைப்புக்கு மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. மணி பகலில் ஒன்பது மணி நேரம் தனியாக இருந்தது. பால்கனிக் கம்பி வழியாகப் படிக்கட்டில் போகும் ஒவ்வொரு காலும் அதற்குத் தெரிந்தது, ஒவ்வொரு காலுக்கும் அது பதில் சொன்னது. கம்பியின் கீழ்ப்பாதியில் ஒரு பழைய கோரைப்பாயைக் கட்டியதும் பாதி குரைப்பு நின்றது. மீதிப் பாதி டீச்சரால் நின்றது. “பகலில் என்னிடம் விட்டுவிட்டுப் போ அம்மா, பொம்மிக்கும் துணையாக இருக்கும்” என்றார். மணிக்கு மதியச் சோறு அங்கேதான். பதிலுக்கு டீச்சரின் ரத்த அழுத்தத்தை வாரம் ஒருமுறை செவிலியர் பார்த்துச் சொல்கிறார். இதைச் சங்கம் ஏற்பாடு செய்யவில்லை, செய்திருந்தால் நடந்திருக்காது.

தெருநாய்களுக்குச் சோறு போடுவது கேட்டருகே நடந்து வந்தது. 2023இன் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன: குடியிருப்போர் சங்கமே இடம் ஒதுக்க வேண்டும், வாசல், படிக்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றை விட்டுத் தள்ளி, முதியவர்களும் பிள்ளைகளும் குறைவாக நடமாடும் நேரமாகப் பார்க்க வேண்டும். தெருமுனை மின்மாற்றியைத் தாண்டி ஒரு பாழ்மனையோரம், இரவு ஒன்பதரை என்று வைத்தோம். மழைக்கு ஒதுங்க ஒரு தகரச் சாய்ப்பும் போட்டோம். மூன்று நாய்களுக்கும் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். அப்படி அதே இடத்தில் விடுவதுதான் விதி. பழகிய நாய் போனால் பழகாத நாய் அந்த இடத்துக்கு வரும்.

வீட்டு உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்தது தனிக்கதை. செவிலியர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். நாய் இருப்பதால் கூடுதலாக இரண்டு மாத முன்பணம் வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார். பேசிப் பேசி, ஒப்பந்தத்தில் ‘பிராணி கூடாது’ என்ற வரிக்குப் பதிலாக, கதவு, சுவர், கொசுவலை ஆகியவற்றில் பிராணியால் வரும் சேதத்தைக் காலி செய்யும்போது சரிசெய்து தர வேண்டும் என்று எழுதினோம். நுழையும் நாளில் கதவின் அடிப்பகுதியைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம்.

தீபாவளிக்கும் புயலுக்கும் ஒவ்வொரு குறிப்பு நோட்டில் இருக்கிறது. தமிழகத்தில் வெடிக்க அனுமதி காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு. அந்த இரண்டு மணி நேரமும் பிராணிகள் சன்னல் மூடிய உள்ளறையில். புயல் எச்சரிக்கை வந்தால் கயிறு, கூடை, ஊசி அட்டை மூன்றும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊர்க் கொட்டிலில் கட்டியபடியே கிடந்த மாடுகளைப் பார்த்தவன் நான். அதனால்தான் ‘வெளியேறும்போது எதையும் கட்டிவிட்டுப் போகாதே’ என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

பலிக்காதவை

முறையை மீறினால் 100 ரூபாய் அபராதம் என்று முதலில் வைத்தோம். வசூலிக்க யாரும் முன்வரவில்லை, ஒரே மாதத்தில் அது செத்துப்போனது. கொல்லையில் வைத்த மூடிபோட்ட தொட்டியை மூன்றாம் வாரம் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்த மூன்றாம் தளத்துப் பெரியவர் இன்றைக்கும் நாயைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குகிறார். அவருக்கு அந்த உரிமை உண்டு, அவரிடம் நான் எதையும் விளக்கப் போவதில்லை. ஒதுங்கும் வரிசையில் அவருக்கு அடுத்து நான்தான் நிற்கிறேன்.

பூனைக்கு எந்த முறையும் வைக்க முடியவில்லை. மாலையில் வண்டி வந்து நின்றதும் சூடான இருக்கையில் ஏறிப் படுத்து, எழுந்திருக்கும்போது நகத்தைத் தீட்டிக்கொள்கிறது. கொல்லையில் ஒரு தென்னை மட்டையை நட்டுக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று இருசக்கர வாகனங்களின் எண்ணும், கிழிந்த இருக்கை உறைகளின் விலையும் இருக்கின்றன. பூனைக்காரர் பாதி தருகிறேன் என்கிறார். வண்டிக்காரர்களில் ஒருவர், தன் உறையில் பாதி கிழிசல் பூனை வருவதற்கு முன்பே இருந்தது என்று அவராகவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேச வேண்டும்.